குரோம்பேட்டைப் பலகையில் நான் டாக்டராக இருந்த காலம்

நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. பி.எஸ்ஸி. வேதியியலிலேயே ஒரு தாளை இரண்டு முறை எழுதித்தான் தாண்டினேன். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் ஏறக்குறைய ஒரு வருடம், குரோம்பேட்டை வழியாக பஸ்ஸில் போன அத்தனை பேருக்கும் நான் டாக்டர். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு பெரிய விளம்பரப் பலகையில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கையில் ஒரு சத்து பான டின்னுமாக, செங்கல்பட்டு வரைக்கும் உள்ள பிள்ளைகளின் ஞாபகசக்திக்கு நானே பொறுப்பு என்பதுபோல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உண்மையில் நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். மாணவர்கள் கேட்கிற உப்பை எடுத்துக் கொடுப்பேன், அமிலப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன், யாராவது கையைச் சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்துவிடுவேன். என் மருத்துவ அனுபவம் அந்தக் குழாயோடு சரி. வேலைக்கென்று ஒரு வெள்ளைக் கோட் வைத்திருந்தேன். வலது பை அருகே கந்தக அமிலம் தின்ற ஒரு ஓட்டை. மற்றபடி நல்ல கோட்.

அந்தக் கோட்டைத் தேடித்தான் என் மனைவியின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. ஜனங்களுக்கு என்ன தேவை என்பதை ஜனங்களுக்கு முன்பாகவே கண்டுபிடிக்கிற உத்தியோகம் என்று தன் வேலையைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். நாங்கள் சர்ச்சிலிருந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, உங்ககிட்ட வெள்ளைக் கோட் இருக்குல்ல? நாளைக்கு ஷூட்டிங். டாக்டரா நடிக்கறவனுக்கு மெட்ராஸ் ஐ வந்துடுச்சு. கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு. அவன் கையில டின்னைக் குடுத்தா அதைக் குடிச்சுத்தான் இப்படி ஆச்சுன்னு நெனைப்பாங்க."

"நிஜ டாக்டர் யாரையாவது கூப்பிடலாமே மச்சான்?"

"அதுதான் கூடாது. டாக்டருங்க விளம்பரத்துல நிக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு. ஜனங்க ஏமாந்துடுவாங்களாம். அதனால டாக்டரா இல்லாத ஆள்தான் வேணும். அந்த விதத்துல உங்களை விட்டா ஆள் இல்ல."

என் வாழ்க்கையில் எனக்குத் தகுதி இருப்பதாக ஒருவர் அடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி வேறு, "அண்ணன் இவ்வளவு தூரம் வந்து கேக்கறாங்க, போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். நான்காவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், அப்பா போட்டோ பேப்பரில் வருமா என்று கேட்டாள். லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. என் பக்கத்தில் கன்னம் உப்பிய ஒரு குழந்தையை உட்கார வைத்து அதன் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். குழந்தை அதை வாயருகே கொண்டுபோனதும் மூன்று பேர் பாய்ந்து தடுத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் நிஜமான பானம் சாக்கடைத் தண்ணீர் மாதிரி தெரிகிறதாம். அதனால் காப்பி டிகாக்‌ஷனில் பெயின்டைக் கலந்து, மேலே ஷேவிங் சோப் நுரையை வழித்து வைத்திருந்தார்கள். "சார், நீங்க அக்கறையா பாருங்க, பெத்த தகப்பன் மாதிரி" என்றார் போட்டோ எடுப்பவர். பெற்ற தகப்பனாக இருந்தால் முதலில் அந்தக் கிளாஸைப் பிடுங்கியிருப்பேன். நான் அக்கறையாகப் பார்த்தேன். கோட்டின் ஓட்டையை டின் மறைத்துக்கொண்டது.

எதற்கோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டி நிறைய டின்களைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் பிள்ளைக்குப் பண்டிகை.

பலகை ஒரு மாதம் கழித்து எழும்பியது. அப்போதெல்லாம் பலகைகளைக் கையால்தான் வரைவார்கள். என் போட்டோவைப் பார்த்து வரைந்த ஓவியர் நல்ல மனசுக்காரர். என் நிறத்தை நான்கு படி ஏற்றியிருந்தார். முன்வழுக்கையை முடியால் மூடியிருந்தார். டாக்டர் என்றால் நிறையப் படித்திருக்க வேண்டுமே என்று அவராகவே ஒரு மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில், 'மறதியா? இனி மறந்துவிடுங்கள்!' என்ற வாசகம். அது என் மச்சான் எழுதியது. ஒரு வாரம் ராத்திரி தூங்காமல் யோசித்ததாகச் சொன்னார்.

மனைவி பக்கத்து வீட்டு அக்காக்களை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர்கள் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ஜாடை கொஞ்சம் இருக்கு" என்றார்களாம். அவள் முகம் வாடிப்போய் வந்தாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஊரே பார்க்கிற இடத்தில் நிற்கிறோம், ஊருக்கு அது நான் என்று தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய், பலகையில் இருப்பதைப் போலவே கறுப்பு ஃபிரேமில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டேன். கடைக்காரர், "கண்ணு நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். தலைவலி என்று பொய் சொன்னேன். என் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முதன்முதலாகத் தேவையில்லாத ஒரு பொருளை வாங்கியவன் நான்தான்.

கண்ணாடி வேலை செய்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான்கு பேர் வந்து கை குலுக்கினார்கள். பொய்ச்சாட்சியைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்து முடித்திருந்த பாஸ்டர், என்னைத் தனியே ஒதுக்கி, "தம்பி, அதை சுகர் உள்ளவங்க சாப்பிடலாமா?" என்று கேட்டார். பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருவர் நாக்கை நீட்டிக் காட்டினார். முதலில் எல்லோரிடமும், "ஐயோ, நான் டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தாமதித்தேன். பிறகு சிரித்துவிட்டு மட்டும் வந்தேன். நாக்கு சிவந்துதான் இருந்தது, நல்ல நாக்குதான். அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்குள் இலவசமாக வந்த டின்கள் தீர்ந்துபோயின. மகள் வெறும் பாலைத் தொட மாட்டேன் என்றாள். மளிகைக் கடையில் மனைவி சத்தமாக அந்த டின்னைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நாமே வாங்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? கடைக்காரர், "அண்ணா, நீங்க போர்டுல வந்ததுலேர்ந்து டின் கடையில நிக்கறதே இல்ல" என்று எனக்கு மட்டும் எழுந்து நின்று பேசினார். நானும் காலையில் ஒரு கிளாஸ் குடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் என் ஞாபகசக்தி கூடிவிட்டதாக எனக்கே தோன்றியது. பஸ் நம்பர்கள், டெலிபோன் நம்பர்கள் எல்லாம் சட்டென்று நினைவுக்கு வந்தன. ஸ்டூடியோவில் பார்த்த கிளாஸில் சோப்பு நுரையும் பெயின்டும் இருந்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவ ஒரு அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் ஆயாதான், வயதென்னவோ நாற்பதுக்குள். கடப்பேரியில் வீடு. புருஷன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு. நான் யார், என்ன வேலை செய்கிறேன், என் கோட்டில் எந்த இடத்தில் ஓட்டை என்பதெல்லாம் தெரிந்த ஒரே வெளி ஆள் அவர். அதனால் அவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

ஒரு நாள் குழாய்களைக் கழுவிக்கொண்டே, "பாப்பாவுக்கு உன் டின்னுதான் குடுத்துகினு கீறேன் சார்" என்றார்.

"எந்த டின்?"

"போர்டுல புட்சிகினு நிக்கிறியே, அதான். பால் நிறுத்திட்டேன், முட்டை நிறுத்திட்டேன். ரெண்டும் வாங்கி டின்னும் வாங்க முடியுமா? காலைல ஒரு கிளாஸு, ராத்திரி ஒரு கிளாஸு. தண்ணில கலக்கித் தர்றேன்."

கையிலிருந்த லேபிளைக் கீழே வைத்தேன். "ஆயா, நான் டாக்டர் இல்லேன்னு உனக்குத் தெரியாதா? தினம் என்கூடத்தானே வேலை செய்யறே?"

"அது எனக்குத் தெரியாதா இன்னா? நீ இங்க பாட்டில் தொடைக்கிறவன்தான். அதுக்கோசரம்? டாக்டரா இல்லாதவனப் புட்சி அம்மாம் பெரிய போர்டுல டாக்டர்னு போட கம்பெனிக்காரன் இன்னா கேனையா? உங்கிட்ட ஏதோ விஷயம் கீது சார். நீதான் சொல்லிக்க மாட்டேங்கிற."

என்னை விடப் பலகையை அவர் நம்பினார். என்னைத் தினம் எட்டு மணி நேரம் பார்த்தவர்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபிறகு, கண்ணால் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். இருபது வருடம் ஆய்வகத்தில் இருந்தவனுக்கு வருகிற புத்தி அது. மறுநாள் பகல் உணவு நேரத்தில் ஒரு ஸ்பூன் பொடியும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுபோனேன். இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, இரண்டு சோதனைக் குழாய்களில் விட்டேன். சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரு நீல திரவம் உண்டு. சிலவகைச் சர்க்கரை இருந்தால், சூடாக்கியதும் அது செங்கல் சிவப்பாக மாறிவிடும். முதல் வருட மாணவர்கள் செய்கிற பரிசோதனை. ஆயாவைப் பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டிலும் நீலத்தை ஊற்றிக் கொதிநீரில் வைத்தேன்.

"நல்லா பாரு ஆயா. இது வெல்லத் தண்ணி. இது டின் தண்ணி. ரெண்டும் ஒரே மாதிரி ஆகுதா இல்லையான்னு நீயே சொல்லு."

நீலம் பச்சையானது, மஞ்சளானது, பிறகு இரண்டு குழாய்களும் அடிமுதல் சிவந்தன. நான் நிமிர்ந்து நின்றேன். விஞ்ஞானம் வென்ற களிப்பு.

ஆயா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடேயப்பா! இன்னா செவப்பு சார்! ரத்தம் மாரியே கீது!"

"அதில்ல ஆயா. ரெண்டும் ஒண்ணுதான். அதுல இருக்கறதும் வெல்லம் மாதிரி இனிப்புதான்."

"வெல்லம் ரத்தத்துக்கு நல்லதுன்னு எனக்கே தெரியும். ஆனா டின் தண்ணி மொதல்ல செவந்துச்சு, அத்தப் பாத்தியா? அப்ப உள்ள போனா இன்னா வேகத்துல ரத்தம் ஊறும்!" என்று சொல்லி என்னைப் பக்தியோடு பார்த்தார். "நீ டாக்டர் இல்லேன்னு இனிமே சொல்லாத சார்."

அன்று மாலையே கடப்பேரியில் அவர் தெரு முழுக்க விஷயம் போய்விட்டது. அடுத்த வாரம் ஆய்வக வாசலில் அந்தத் தெருப் பெண்கள் மூன்று பேர், சிவப்பைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

இனி பொறுக்க முடியாது என்று மின்சார ரயிலைப் பிடித்து மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். மச்சான் என்னைத் தன் மேலதிகாரி அறைக்கே அழைத்துப் போனார். குளுகுளு அறை. பலகையில் இருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டு ஒரு பெண்பிள்ளைக்கு அந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறார்கள் என்றேன். ஆய்வகத்தில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். மேலதிகாரி நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. கண்களை மூடிக் கேட்டார். இவருக்காவது உறைத்ததே என்று நினைத்தேன்.

"ரத்தம் ஊறும்னு அந்த அம்மா தானா சொன்னாங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"நீலம் செவப்பா மாறிச்சா? கண்ணு முன்னாடியே?"

"ஆமா சார். அதனாலதான்…"

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குக் காப்பி கொடுத்து, நான் அன்றைக்குக் கையெழுத்திட்ட தாளைக் காட்டி, லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். அடுத்த மாதம் குரோம்பேட்டைப் பலகையில் ஏணி சாத்தியிருந்தது. நல்ல மனசுக்கார ஓவியர் என் இன்னொரு கையில் ஒரு சோதனைக் குழாயைக் கொடுத்து, அதில் குங்குமச் சிவப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். 'பரிசோதனையில் நிரூபணம்! ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும்!' என்று புது வாசகம். குறை சொல்லக்கூடாது, பரிசோதனை நடந்தது உண்மைதான்.

ஆயா அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "சார், நீ எனக்கு செஞ்சு காமிச்சியே, அத்தையே போட்டுக்கீறாங்க!" சாட்சியாக நின்ற பெருமை அவருக்கு. தெருவில் அவர் சொல்லுக்கு இப்போது தனி மதிப்பு.

முழுப் பரீட்சைக்குச் சில வாரம் முன்பு, பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்த அவர் மகள் மயங்கி விழுந்தாள். தகவல் கல்லூரிக்கு வந்தது. ஆயா ஈரக் கையோடு ஓடினார். நானும் கூடவே போனேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், நகங்களைப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. என்ன சாப்பிடறா?"

"காலைலயும் ராத்திரிலயும் சத்து டின்னு குடுக்கிறேன் டாக்டரம்மா. மத்தியானம் சோறு. டாக்டர் சொன்ன மாரிதான் குடுக்கிறேன்."

"எந்த டாக்டர்?"

ஆயா கையை நீட்டி என்னைக் காட்டினார்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். என் கறுப்பு ஃபிரேம் கண்ணாடியைப் பார்த்தார். அவர் தினம் குரோம்பேட்டை வழியாகத்தான் வருகிறவராக இருக்க வேண்டும்.

"ஓ, நீங்களா? வாங்க டாக்டர், உக்காருங்க" என்றார். "நான் ஏழு வருஷம் படிச்சேன். நீங்க எத்தனை வருஷம்?"

நான் உட்காரவில்லை. கட்டிலில் படுத்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தன. அதுவரைக்கும் அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பலகையில் என் பக்கத்தில் இருந்த உப்பிய கன்னம்தான் எனக்குப் பழக்கமான குழந்தை.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். முருங்கைக் கீரை, முட்டை, வேர்க்கடலை கொடுக்கச் சொன்னார். ஆயா தலையாட்டிவிட்டு, "அப்ப டின்னு எத்தினி வேளை குடுக்கட்டும்?" என்று கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்களே சொல்லுங்க. என் பேச்சு எடுபடாது. எனக்குப் போர்டு கிடையாது."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, பலகையில் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டு சொன்னேன். "ஆயா, இனிமே டின் வேண்டாம். அந்தக் கோர்ஸ் முடிஞ்சுபோச்சு. அடுத்தது முருங்கைக் கீரை. தினம் ஒரு முட்டை. ஒரு நாள்கூட விடக்கூடாது."

"கோர்ஸ் முடிஞ்சுதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா சார்? பேஜாரா பூட்சே" என்று கோபித்துக்கொண்டார் ஆயா. ஆனால் அன்றைக்கே டின்னை நிறுத்திவிட்டார். நான் சொன்ன ஒரே உண்மையையும் ஒரு பொய்யின் முதுகில் ஏற்றித்தான் அவர் வீட்டுக்குள் அனுப்ப முடிந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி டிராயரில் போட்டேன். பவர் இல்லாத கண்ணாடிதான், ஆனாலும் இரண்டு நாள் தலை வலித்தது.

பெண் தேறிவிட்டாள். பரீட்சையில் கணக்கில் மட்டும் போய், அக்டோபரில் எழுதிப் பாஸ் செய்தாள். பிறகு டைப்ரைட்டிங் படித்து, தாம்பரத்திலேயே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற போகிறபோது என்னைப் பார்த்தால் சிரிப்பாள். அம்மாவைப் போல அவள் என்னை டாக்டராக நினைக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரியும்.

பலகையில் இருந்து நானும் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இறங்கினேன். என்மேல் வெள்ளை அடித்து, அங்கே ஒரு கலர் டி.வி.யை வரைந்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் ஆன்டெனா முளைத்தது. ஐந்தாவது எங்கள் வீடு.

ஆனால் கடப்பேரியில் மட்டும் என் தொழில் கொஞ்ச நாள் நடந்தது. போர்டு டாக்டர் முருங்கைக் கீரையைச் சொன்னார், பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று ஆயா பரப்பிவிட்டார். ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் அருகே கீரை விற்கிற ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "சார், நீ சொன்னியாமே? முருங்கை வந்த ஒடனே தீந்துபூடுது" என்று ஒரு கட்டுக் கீரையை என் பையில் திணித்தாள். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

மனைவி அதை உருவிப் பொரியல் செய்தாள். நானும் அவளும் சாப்பிட்டோம். மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். டி.வி.யில் ஒரு பையன் ஏதோ ஒரு நூடுல்ஸை இரண்டே நிமிடத்தில் தின்று முடித்துக்கொண்டிருந்தான், அவளுக்கு அதுதான் வேண்டுமாம்.